பதினேழு வயதும் முப்பத்தேழு வயதும்

2023 ஜூன் மாதம் பாரிஸ் நகரில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் போட்டிகள் நடந்தன. அதே வளாகத்தில், ஒரே வாரத்தில், இரண்டு பேர் தங்கள் வாழ்க்கையின் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை வென்றார்கள். ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த டோகிடோ ஓடா. ஆண்கள் சக்கர நாற்காலி ஒற்றையர் பிரிவில் பிரிட்டனின் ஆல்ஃபி ஹூவெட்டை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 17. இன்னொருவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கொதாட்சோ மோன்ட்ஜானே. பெண்கள் சக்கர நாற்காலி இரட்டையர் பிரிவில் ஜப்பானின் யுய் காமிஜியுடன் சேர்ந்து வென்றார். அப்போது அவருக்கு வயது 37.

ஓடாவின் வெற்றி உலகச் செய்தியானது. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற மிக இளைய ஆண், உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த மிக இளைய ஆண் என்று இரண்டு சாதனைகளை அவர் ஒரே நாளில் படைத்தார். கொண்டாட வேண்டிய சாதனைகள்தான், மறுப்பில்லை. ஆனால் இந்தக் கட்டுரை அந்த இரண்டு வயதுகளுக்கும் நடுவில் கிடக்கும் இருபது ஆண்டுகளைப் பற்றியது. ஒருவருக்குப் பதினேழு வயதில் கிடைப்பது இன்னொருவருக்கு முப்பத்தேழு வயதில்தான் கிடைக்கிறது என்றால், அந்த இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டது யார்?

'டென்னிஸ் பணக்காரர்களின் ஆட்டம், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று சில தோழர்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. கல்லூரியில், வேலையில், தெருவில் நம்மை நோக்கி அன்றாடம் வீசப்படும் சொற்கள் 'தகுதி', 'திறமை'. விளையாட்டு மைதானத்தைத்தான் அந்தச் சொற்களின் சொந்த வீடாகச் சொல்வார்கள். 'அங்கே சாதி, மதம், பணம் எதுவும் செல்லாது, வேகமாக ஓடுபவன் ஜெயிப்பான்' என்பார்கள். அந்த வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். திறமை எப்படி உருவாகிறது, யாருடைய உழைப்பில் உருவாகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதெல்லாம் சக்கர நாற்காலி டென்னிஸில் தெரிவதுபோல வேறெங்கும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

ஓடாவின் பாதை

ஓடா 2006 மே 8 அன்று ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் பிறந்தார். கால்பந்து விளையாடித் திரிந்த சிறுவன். ஒன்பது வயதில் இடது காலில் எலும்புப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை சிகிச்சை, நீண்ட மருத்துவமனை வாசம். அப்போது அவர் பார்த்தது, 2012 லண்டன் பாராலிம்பிக்ஸில் ஷிங்கோ குனியேடா ஆடிய ஆட்டத்தின் காணொளி. பத்து வயதில் சக்கர நாற்காலியில் அமர்ந்து ராக்கெட்டைப் பிடித்தார். பதினான்கு வயதில் ஜூனியர் தரவரிசையில் உலகின் முதலிடம். 2022இல், பதினைந்து வயதில், தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவித்தார். அதே ஆண்டு இறுதியில், உலகின் முன்னணி வீரர்கள் மட்டுமே ஆடும் மாஸ்டர்ஸ் போட்டியில் பட்டம் வென்றார்.

அதன்பிறகு நடந்தது மூச்சு வாங்க வைக்கும் ஓட்டம். 2023இல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன். 2024இல் ஆஸ்திரேலிய ஓபன், மீண்டும் பிரெஞ்சு ஓபன், பிறகு பாரிஸ் பாராலிம்பிக்ஸில் தங்கம். அந்த இறுதி ஆட்டத்தில் மீண்டும் ஹூவெட்; மூன்றாவது செட்டில் 7-5 என்று முடிந்தது. 2025இல் மூன்றாவது முறையாக பிரெஞ்சு ஓபன், இரண்டாவது முறையாக விம்பிள்டன், முதன்முறையாக யு.எஸ். ஓபன். பத்தொன்பது வயதுக்குள் நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் பாராலிம்பிக் தங்கத்தையும் வென்று முடித்துவிட்டார்.

இதை நமது ஊடகங்கள் எப்படிச் சொல்லும் என்று நமக்குத் தெரியும். 'புற்றுநோயை வென்ற சிறுவன்', 'சக்கர நாற்காலியில் முடங்கியும் முடங்காத மனவுறுதி', 'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு'. 2016இல் ரியோவில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோதும் இதையேதான் சொன்னார்கள். இந்த வாக்கியங்களில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மனவுறுதிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், வெல்லாதவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று பொருளாகிறது. அரசு செய்ய வேண்டியது எதுவுமில்லை, பள்ளி செய்ய வேண்டியது எதுவுமில்லை, நீயும் நானும் கைதட்டினால் போதும் என்று முடிந்துவிடுகிறது.

'சக்கர நாற்காலியில் முடங்கியவர்' என்ற சொல்லாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்காலி ஓடாவை முடக்கவில்லை. அதுதான் அவரை மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பறக்க வைக்கிறது. படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடம் முடக்கும். ஏற முடியாத பேருந்து முடக்கும். நாற்காலி ஒருவரையும் முடக்கியதில்லை.

அவர் பிறப்பதற்கு முன்பே போடப்பட்ட சாலை

ஓடா ராக்கெட்டைப் பிடித்த அன்று அவருக்கு முன்னால் ஒரு சாலை இருந்தது. அதைப் போட்டவர்கள் யார்?

1976இல் அமெரிக்காவில், பனிச்சறுக்கு விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட பிராட் பார்க்ஸ் என்ற இளைஞர் சக்கர நாற்காலியில் அமர்ந்து டென்னிஸ் ஆடிப் பார்த்தார். ஏற்கெனவே தனக்கென்று எடை குறைந்த நாற்காலியை வடிவமைத்திருந்த ஜெஃப் மின்னிபிரேக்கர் அவருடன் சேர்ந்தார். மருத்துவர்களோ டென்னிஸ் சங்கங்களோ போட்ட திட்டம் அல்ல இது. பாதிக்கப்பட்டவர்களே தங்கள் ஆட்டத்தையும், அதற்கான கருவியையும், அதற்கான விதியையும் உருவாக்கினார்கள். 1988இல் தங்களுக்கென்று ஓர் உலகக் கூட்டமைப்பை அமைத்தார்கள். 1992 பார்சிலோனா பாராலிம்பிக்ஸில் முழுப் பதக்கப் போட்டியாக நுழைந்தார்கள். 1998இல் அந்த அமைப்பு சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்போடு இணைந்தது.

ஜப்பானில் இன்னொரு கதை. ஃபுகுவோகா மாகாணத்தில் ஈசுகா என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க வட்டாரம். அங்கே முதுகுத்தண்டுக் காயம் அடைந்தவர்களுக்கென்று ஒரு சிறப்பு மருத்துவ மையம் இருக்கிறது. 1985 முதல் அங்கே சர்வதேச சக்கர நாற்காலி டென்னிஸ் போட்டி நடந்துவருகிறது. ஊர்மக்களே தொண்டர்களாக நின்று நடத்தும் போட்டி அது. ஓடா பிறப்பதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முன்பே அவருடைய நாட்டில் அப்படியொரு மேடை தயாராக இருந்தது.

அந்த மேடையில் வளர்ந்தவர்தான் ஷிங்கோ குனியேடா. அவருக்கும் ஒன்பது வயதில்தான் முதுகுத்தண்டில் கட்டி வந்தது. அவருக்கும் ஓடாவுக்கும் திறமையில் என்ன வித்தியாசம் என்று அளக்க முடியாது. ஆனால் காலத்தை அளக்கலாம். பல்கலைக்கழக அலுவலக வேலையை விட்டுவிட்டு, தொழில்முறை ஆட்டக்காரராக மாற குனியேடாவால் முடிந்தது 2009இல், அவருடைய 25ஆம் வயதில். ஓடாவால் அது பதினைந்து வயதில் முடிந்தது. விம்பிள்டனில் குனியேடா ஒற்றையர் பட்டம் வென்றது 2022இல், அவருடைய 38ஆம் வயதில். ஓடா வென்றது 17 வயதில்.

காரணம் எளியது. 2016 வரை விம்பிள்டனில் சக்கர நாற்காலி ஒற்றையர் போட்டியே கிடையாது. புல்தரையில் சக்கரம் சரியாக ஓடாது, ஒற்றையர் ஆட்டம் கடினம் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் கதவு திறந்தபோது குனியேடாவுக்கு வயது 32. அதற்குள் அவர் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டார். இல்லாத போட்டியில் எந்தத் திறமைசாலியும் வெல்ல முடியாது. ஒற்றையரில் 28, இரட்டையரில் 22 என மொத்தம் 50 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களோடு 2023 ஜனவரியில் குனியேடா ஓய்வு பெற்றார். சில மாதங்களில் ஓடா முதலிடத்துக்கு வந்தார். முன்னவர் தட்டித் தட்டித் திறந்த கதவு வழியாகப் பின்னவர் ஓடியே வந்தார். அவருடைய இளமை அவர் உடலில் மட்டும் இருந்ததல்ல. மற்றவர்கள் தங்கள் ஆண்டுகளைக் கொடுத்து அவருக்குச் சேமித்துத் தந்ததும் அதில் இருக்கிறது.

சாலை இல்லாத ஊரில்

இப்போது மோன்ட்ஜானேவிடம் வருவோம். அவர் பிறந்தது 1986இல், தென்னாப்பிரிக்கா முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஆண்டில். ஊர் செஷேகோ. கறுப்பின மக்களை வெள்ளையர் நகரங்களிலிருந்து ஒதுக்கி வைப்பதற்காக நிறவெறி அரசு வகுத்த 'தாயக' நிலப்பரப்புகளில் ஒன்றான லெபோவாவுக்குள் இருந்த குடியிருப்பு அது. 'தாயகம்' என்ற பெயரைக் கவனியுங்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு அழகான பெயர் சூட்டுவது எல்லா நாட்டு ஆதிக்கத்துக்கும் கைவந்த கலை.

மோன்ட்ஜானே பிறக்கும்போதே கைகளிலும் ஒரு காலிலும் குறைபாடு இருந்தது. பன்னிரண்டு வயதில் அந்தக் கால் அகற்றப்பட்டது. சிறப்புப் பள்ளி ஒன்றில் படித்தார். 1994இல் நிறவெறி ஆட்சி சட்டப்படி முடிவுக்கு வந்தபோது அவருக்கு எட்டு வயது. அவர் கைக்கு ராக்கெட் வந்ததோ பத்தொன்பது வயதில். சட்டம் மாறியதற்கும் ராக்கெட் வந்ததற்கும் நடுவே பதினொரு ஆண்டுகள். சட்டம் மாறினால் மைதானம் தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

ஓடா தொழில்முறை ஆட்டக்காரரான வயதில் மோன்ட்ஜானே இந்த ஆட்டத்தைத் தொட்டதுகூட இல்லை. தொட்ட பிறகும் பாதை சுலபமாக இல்லை. வெளிநாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கின்றன. தரவரிசைப் புள்ளிகள் வேண்டுமானால் அங்கே போக வேண்டும். விமானச் செலவு, நாற்காலியை ஏற்றும் செலவு, தங்கும் செலவு. பயிற்சியாளரை அழைத்துச் செல்ல வசதியில்லாமல் தனியாகவே போய் ஆடியவர் அவர். இடையில் பல்கலைக்கழகப் பட்டமும் வாங்கினார். 2018இல், 32 வயதில், விம்பிள்டனில் ஆடிய முதல் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண் ஆனார். 2021இல் அங்கேயே ஒற்றையர் இறுதிப் போட்டிவரை வந்தார். 2023இல் பாரிஸில் முதல் பட்டம்.

'முதல் கறுப்பினப் பெண்' என்ற சொற்களைப் படிக்கும்போது மகிழ்ச்சி வருகிறது. கூடவே கோபமும் வர வேண்டும். விம்பிள்டன் போட்டி தொடங்கியது 1877இல். 2018இல்தான் 'முதல்' என்றால், அதற்கு முன்பு எத்தனை பெண்கள் அந்த இடத்துக்கு உரியவர்களாக இருந்தும் ராக்கெட்டைப் பார்க்காமலேயே செத்துப் போயிருப்பார்கள்? 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்ற சொல்லைச் சுமந்து திரியும் நம் மாணவர்களுக்கு இந்தக் கோபம் புதிதல்ல.

இங்கே ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டும். 1974இல் இந்திய டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. ஆடாமலேயே தென்னாப்பிரிக்கா கோப்பையை எடுத்துக்கொண்டது. கோப்பையை இழந்து எடுத்த அந்த முடிவு சரியானது. 'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்று நமக்குப் பாடம் எடுப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். விளையாட்டில் அரசியல் எப்போதும் இருந்தது. யாருடைய அரசியல் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது பவுன்ஸ்

சக்கர நாற்காலி டென்னிஸின் மைதானம் வழக்கமான அதே அளவு. வலையின் உயரம் அதே. பந்து அதே. முதன்மையான வேறுபாடு ஒன்றுதான்: பந்து இரண்டு முறை தரையில் பட்டு எழும்பலாம். முதல் பவுன்ஸ் கோட்டுக்குள் விழ வேண்டும், இரண்டாவது கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் பரவாயில்லை.

இந்த விதியை யாராவது 'சலுகை' என்கிறார்களா? ஓடாவின் தங்கப் பதக்கம் 'இரண்டு பவுன்ஸ் கோட்டாவில்' வந்தது என்று யாராவது சொல்கிறார்களா? சொல்வதில்லை. ஏனென்றால் அந்த விதி ஆட்டத்தை எளிதாக்கவில்லை, ஆட்டத்தைச் சாத்தியமாக்குகிறது. நிற்கிற உடலை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட விதியில் மற்ற உடல்களுக்கு இடம் இல்லாமல் இருந்தது. விதியைத் திருத்தியதும் இடம் வந்தது. உள்ளே வந்தபின் ஓடா செய்வது முழுக்க அவருடைய உழைப்பு. பல பந்துகளை அவர் முதல் பவுன்ஸிலேயே அடித்து நொறுக்குகிறார். இரண்டாவது பவுன்ஸ் விதியில் இருக்கிறது என்பதால் அவர் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இட ஒதுக்கீட்டைப் பற்றி உங்கள் வகுப்பறையில் வாதம் வரும்போது இந்த எடுத்துக்காட்டை வையுங்கள். ஒரு சாராரின் வசதியை அளவுகோலாக வைத்து எழுதிய விதியை 'பொதுவிதி' என்பதும், அதைத் திருத்தினால் 'சலுகை' என்பதும் எந்த ஊர் நியாயம்? உள்ளே வந்த எத்தனையோ மாணவர்கள் முதல் பவுன்ஸிலேயே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கணக்கில் எடுக்காமல், விதியை மட்டும் காட்டிக் கேலி செய்வதற்குப் பெயர் தகுதி வாதம் அல்ல, காழ்ப்பு.

ஆனால் விதி மட்டும் போதாது என்பதையும் இதே ஆட்டம் சொல்கிறது. மருத்துவமனையில் தள்ளிக்கொண்டு போகும் நாற்காலியில் டென்னிஸ் ஆட முடியாது. சக்கரங்கள் சாய்வாகப் பொருத்தப்பட்ட, பின்னால் கவிழாமலிருக்கச் சிறு சக்கரம் வைத்த, ஆடுபவரின் உடலுக்கு அளவெடுத்துச் செய்த இலகுவான நாற்காலி வேண்டும். அதன் விலை ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கனவிலும் எட்டாது. இரண்டாவது பவுன்ஸை அனுமதித்துவிட்டு நாற்காலியைக் கொடுக்காமல் விடுவது, கல்லூரியில் இடம் கொடுத்துவிட்டு விடுதியையும் உதவித்தொகையையும் இழுத்தடிப்பது போன்றதுதான்.

எட்டுப் பேருக்கு மட்டும்

கிராண்ட் ஸ்லாம் போட்டியில் ஆண்கள் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். சக்கர நாற்காலி ஒற்றையரில் பல ஆண்டுகள் எட்டுப் பேருக்கு மட்டுமே இடம். ஏழு பேர் தரவரிசைப்படி, ஒருவர் சிறப்பு அனுமதியில். அதிகப் புள்ளிகளும் பணமும் கிராண்ட் ஸ்லாமில்தான். உள்ளே இருக்கும் எட்டுப் பேருக்கு அவை கிடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் அவர்கள் உள்ளேயே இருப்பார்கள். ஒன்பதாவது ஆள் எவ்வளவு ஆடினாலும் வெளியேதான். உலகில் ஒன்பதாவது இடத்தில் இருக்கும் ஒருவரை, 'இன்னும் கொஞ்சம் உழைத்தால் வரலாம்' என்று சொல்லி வெளியே நிறுத்துகிற ஏற்பாடு இது. யு.எஸ். ஓபன் 2022இல் இந்த எண்ணிக்கையைப் பதினாறாக உயர்த்தியது, ஜூனியர்களுக்கான சக்கர நாற்காலிப் போட்டியையும் தொடங்கியது. விம்பிள்டன் 2024இல்தான் பதினாறுக்கு வந்தது.

பணக் கணக்கையும் பாருங்கள். 2024 விம்பிள்டனில் ஆண்கள், பெண்கள் ஒற்றையர் சாம்பியன்களுக்குத் தலா 27 லட்சம் பவுண்டு. சக்கர நாற்காலி ஒற்றையர் சாம்பியனுக்கு 65 ஆயிரம் பவுண்டு. நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. 'பார்வையாளர்கள் குறைவு, விளம்பரம் குறைவு, அதனால் பணமும் குறைவு' என்று பதில் வரும். பார்வையாளர்கள் ஏன் குறைவு? ஆட்டங்களை ஓரத்து மைதானங்களில் வைத்தால், தொலைக்காட்சியில் காட்டாவிட்டால், எப்படிப் பார்ப்பார்கள்? முதலில் மறைத்து வைத்துவிட்டு, பிறகு யாரும் பார்க்கவில்லை என்று கூலியைக் குறைப்பது பழைய தந்திரம். பெண்கள் டென்னிஸுக்கும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். விம்பிள்டன் 2007இல்தான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத் தொகையைக் கொடுத்தது. அதுவும் பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு.

கேட்டதால் கிடைத்தது

இளம் தோழர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 2020இல் நடந்த ஒரு சம்பவம். கொரோனா காலத்தில் யு.எஸ். ஓபனை எப்படியாவது நடத்துவது என்று அமெரிக்க டென்னிஸ் சங்கம் முடிவு செய்தது. பிரிவுகளைக் குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, சக்கர நாற்காலிப் பிரிவை அப்படியே வெட்டிவிட்டது. ஆட்டக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் டிலன் ஆல்காட், அப்போது குவாட் பிரிவில் உலகின் முதலிட வீரர், உடனே பொதுவெளியில் எழுதினார். நான் இரண்டு முறை சாம்பியன், உலகின் முதலிடம். ஆனால் எனக்கு இல்லாமல் போன ஒரே தகுதி நடக்க முடிவதுதான் என்ற பொருளில் எழுதி, இது அருவருப்பான பாகுபாடு என்றார். மற்ற வீரர்களும் குரல் கொடுத்தார்கள். சில நாட்களில் சங்கம் இறங்கி வந்தது. ஆட்டக்காரர்களிடம் முன்பே பேசியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, போட்டியை நடத்தியது.

அந்தப் போட்டியில் ஆல்காட் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் சாம் ஷ்ரோடரிடம் தோற்றார். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவர் போராடியது தன் கோப்பைக்காக மட்டும் என்றால் அந்தப் போராட்டம் தோல்வி. எல்லோருக்குமான இடத்துக்காக என்பதால் அது வெற்றி. நாம் கேட்டு வாங்கிய இடத்தில் இன்னொருவர் வென்றாலும் கேட்டது வீணாகாது.

நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது யாருடைய ஒதுக்கீடு என்று பாருங்கள். அங்கேதான் ஒரு நிறுவனத்தின் மனசாட்சி தெரியும். நல்ல காலத்தில் எல்லோரும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

பீடம் வேண்டாம்

2015இல் பிரதமர் மோடி, மாற்றுத்திறனாளிகளை 'திவ்யாங்' என்று அழைக்கலாம் என்றார். தெய்வீக உடல் என்று பொருள். மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் பல இதை எதிர்த்தன. நமக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. 'ஹரிஜன்' என்ற பெயரைச் சூட்டி, கடவுளின் பிள்ளைகள் ஆக்கி, கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாத வரலாறு நமக்குத் தெரியும். தெய்வத்துக்குப் பூசை செய்யலாம், சாய்தளம் கட்டித்தர வேண்டியதில்லை. ஓடாவைத் தெய்வமாக்கும் ஒவ்வொரு தன்னம்பிக்கைக் கட்டுரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அவர் ஓர் ஆட்டக்காரர். தோற்றிருக்கிறார். 2022இல் ஜப்பான் ஓபன் இறுதியில் குனியேடாவிடம் மூன்றாவது செட்டில் தோற்றார், 2023 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஹூவெட்டிடம் தோற்றார். ஆட்டக்காரருக்கு உரிய விமர்சனமும் பாராட்டும் கூலியும்தான் அவருக்கு வேண்டும்.

என்ன செய்யலாம்?

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் 30ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்பதை உறுதிசெய்வது, அதற்கேற்ப வசதிகளை மாற்றி அமைப்பது, நிதி ஒதுக்குவது எல்லாம் அரசின் கடமை என்று அது சொல்கிறது. காகிதத்தில் இருப்பதைத் தரைக்குக் கொண்டுவருவது நம் வேலை.

உங்கள் கல்லூரியிலிருந்தே தொடங்குங்கள். மைதானத்துக்குப் போகும் வழியில் எத்தனை படிகள் என்று எண்ணுங்கள். விளையாட்டுக்கென்று மாணவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு எவ்வளவு செலவானது என்று எழுத்துமூலம் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மாவட்ட விளையாட்டு அரங்கில் விளையாட்டுக்கான சக்கர நாற்காலி ஒன்றாவது இருக்கிறதா, இருந்தால் அது பூட்டிய அறையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தும் விழாவுக்கு உங்கள் அமைப்பை அழைத்தால், அந்த மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இவை எதையும் அவர்களுக்காக நீங்கள் மட்டும் பேசாதீர்கள். ஆல்காட் தன் வாயால் பேசினார். பார்க்ஸ் தன் கையால் தொடங்கினார். உங்கள் கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர்கள் கூட்டத்தின் தலைமையில் இருக்கட்டும், நீங்கள் கூட நில்லுங்கள்.

ஓடாவுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆட்டம் இருக்கிறது. இன்னும் நிறைய வெல்வார், நாமும் பார்த்து மகிழ்வோம். மகிழும்போதே, பத்து வயதில் ராக்கெட் கிடைக்காத பிள்ளைகளின் கணக்கையும் கையில் வைத்திருப்போம். உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு பிள்ளைக்கு இன்று பத்து வயது. அடுத்த ஆண்டு பதினொன்று ஆகிவிடும்.